முதுகின் டிஸ்க்கும் கண்ணின் டிஸ்க்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் விலகுவது பற்றி வந்த கட்டுரை, பெங்களூரு வெளிவட்டச் சாலையின் மென்பொருள் அலுவலகங்களில் நாள் முழுதும் உட்கார்ந்து வேலை பார்க்கும் நம்மவர்களின் பயத்தைத் தணிக்கும் என எதிர்பார்த்தேன். அதுவோ பயத்தைக் கூட்டியிருக்கிறது.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்’ (கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்கின் பிதுக்கம்) என்ற ஒரு வரியைக் கண்டதுமே, கணினியின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டதைப் போல எங்கள் குடியிருப்பு இளைஞர்கள் இடிந்துபோகிறார்கள். ஹார்ட் டிஸ்க்கில், நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் இடைவெளியில் நகர்ந்து தகவலைப் படித்தெழுதும் ஹெட் ஒருமுறை உரசிவிட்டால், காந்தப்பூச்சு சுரண்டப்பட்டு, அங்கே பதிந்திருந்தது போனது போனதுதான். முதுகின் டிஸ்க் அப்படிப்பட்டதன்று. டிஸ்க்கின் வெளிப்புற நார்வளையத்தைத் தாண்டிப் பிதுங்கிய உட்புறக் கூழ்ப்பகுதியை உடலே சில மாதங்களில் கரைத்துவிடுவது பலருக்கும் நடக்கிறது. முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 20 வயதினரில் சுமார் 30 விழுக்காட்டினருக்கும், 80 வயதினரில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்கும் பல்ஜ் இருந்தது. இதை விட்டுவிட்டு, அறுவை சிகிச்சைக்கே முக்கால் பக்கத்தை ஒதுக்கியிருக்க வேண்டியதில்லை. சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் போவது ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது என்ற எச்சரிக்கைக்கு அங்கே இடம் தந்திருக்கலாம்.

பழுதானால் மீளாதது கண்ணுக்குள் பார்வை நரம்பு தொடங்கும் இடமான ஆப்டிக் டிஸ்க். சுமார் 1.5 மில்லிமீட்டர் அகலமே உள்ள அந்த வட்டத்தின் வழியாகத்தான் ஏறத்தாழ 10 லட்சம் நரம்பிழைகள் மூளையை நோக்கிப் புறப்படுகின்றன. கிளாக்கோமா நோயில் அவ்விழைகள் அழிய அழிய, வட்டத்தின் நடுவிலுள்ள குழிவு அகன்றுகொண்டே போகும். பெரும்பாலும் வலி இராது; பக்கப்பார்வை குறைவதும் நெடுநாள் தெரியாது. ஹார்ட் டிஸ்க்குக்காவது நகல் எடுத்துவைக்கலாம்.

முதுகு பிடித்தால் மறுநாளே ஸ்கேனுக்கு ஓடுகிறவர்கள், கண்ணுக்கு மட்டும் கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். நாற்பதைத் தாண்டியவர்களும், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ கிளாக்கோமா இருப்பவர்களும் கண் மருத்துவரிடம் கண்ணழுத்தத்தையும் ஆப்டிக் டிஸ்க்கையும் சோதித்துக்கொள்ள வேண்டியதன் தேவையைத் தங்கள் மருத்துவப் பக்கம் அடுத்து விரிவாக எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.