விஞ்ச் ஓட்டிய கை

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் 'முள்ளும் மலரும்' படம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை பேரனுக்காகச் சத்தமாக. அவன் இங்கே மலையாளப் பள்ளியில் படிக்கிறான். வீட்டில் தமிழ்தான் பேசுவான், வாசிக்க வராது. அன்று ராத்திரியே இருவரும் உட்கார்ந்து படத்தைப் பார்த்தோம்.

அண்ணன் தங்கை பாசத்தையும் பாலுமகேந்திராவின் ஒளிப்பதிவையும் கட்டுரையாளர் மனம் நிறைய எழுதியிருக்கிறார். சரிதான். ஆனால் கதாநாயகன் காளி, மலைச்சரிவில் டிராலியை இழுக்கும் விஞ்ச் இயந்திரத்தின் ஆபரேட்டர் என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டார். எனக்கு அது போதவில்லை.

எங்கள் பள்ளிவாசல் ஊரில் 1940லேயே நீரிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். என் அப்பா அங்கே விஞ்ச் ஓட்டினார். டிராலியில் ஏறி உட்கார்ந்தவர்களின் உயிர் பிரேக்கைப் பிடித்திருப்பவன் கையில். அப்பாவின் வலது உள்ளங்கையில் கைப்பிடி உராய்ந்து காய்த்த தடம் ஒன்று உண்டு. சோறு பிசையும்போது வெள்ளையாகத் தெரியும்.

படம் 1978இல் வந்தது. கொஞ்ச காலம் கழித்து எஸ்டேட்டில் திரை கட்டிப் போட்டார்கள். பையன்கள் நாங்கள் எல்லோரும் காளி கட்சி. காளியை வேலையிலிருந்து நிறுத்திவைக்கும் இன்ஜினீயர் குமரன் வந்தாலே கத்துவோம். லாரி ஏறிக் காளியின் கை போய், தங்கை வள்ளிக்கு அது தெரியவரும் காட்சியில் அப்பா தன் வலது கையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டார். படம் முடியும்வரை வெளியே எடுக்கவில்லை. குளிருக்கு என்றுதான் நினைத்தேன்.

எஸ்டேட் லயத்து வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது, "இன்ஜினீயர் செஞ்சதுதான்டா சரி. விஞ்ச்கிட்ட நிக்கிறவனுக்குக் கோவம் ஆகாது" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் அப்பாவே காளியை விட்டுக்கொடுக்கிறாரே என்று!

இப்போது பார்க்கும்போது குமரன் மேல் துளிக் கோபம் வரவில்லை. அந்த வேடத்தில் சரத்பாபு குரலை உயர்த்தாமல் நடித்திருப்பதைக்கூட இந்தத் தடவைதான் கவனித்தேன். இயக்குநர் மகேந்திரன் தன் முதல் படத்திலேயே வில்லன் தேடாமல் இருந்திருக்கிறார்.

கடைசியில் தங்கையைக் குமரனுக்குக் கொடுக்கச் சம்மதித்துவிட்டு, இப்பவும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்கிறான் காளி. "பிடிக்காமலே எப்படித் தாத்தா குடுப்பான்?" என்றான் பேரன். அவனுக்கு அப்பாவின் கதையைச் சொன்னேன்; விடிய ஒரு மணி ஆகிவிட்டது.

அதே கட்டுரையாளரை மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' பற்றியும் எழுதச் சொல்லுங்கள். படித்துக்காட்ட ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பள்ளிவாசல், இடுக்கி மாவட்டம்.