சிற்றுண்டித் தொழிலாளரின் கைக்காயமும் உணவை ஆறவைக்கும் நேரமும் தொடர்பான கோரிக்கை மனு

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

பிரதம சுகாதார மருத்துவ அதிகாரி அவர்கள்,
பொதுச் சுகாதாரத் திணைக்களம்,
கொழும்பு மாநகர சபை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

பதினான்கு வருடமாக வீட்டில் ரோல்ஸ், பற்றிஸ், கட்லட் செய்து கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கொடுத்து வருகிறேன். என்னோடு கையொப்பமிட்டிருக்கும் பதினொரு பேருக்கும் இதே தொழில்தான். யார்மீதும் முறைப்பாடு இல்லை. பிழை நடந்தது என் அடுப்படியில்.

கடந்த மார்ச்சில் ஓர் அலுவலகத்துக்கு 60 மீன் ரோல்ஸ் அனுப்பினேன். பத்து மணித் தேநீருக்குச் சாப்பிட்டார்கள். பகல் ஒரு மணிக்குள் ஒன்பது பேருக்கு வாந்தி. காய்ச்சல் இல்லை, வயிற்றை முறுக்கி முறுக்கி வாந்தி, பிறகு வயிற்றோட்டம். மறுநாள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பொரிப்பதற்கு முன் உள்ளீட்டை முகர்ந்து பார்த்திருந்தேன். மிளகும் கறிவேப்பிலையும்தான் மணத்தன.

என்னிடம் வேலை செய்யும் பையன் முதல்நாள் மீன் ரின் திறக்கும்போது விரலை வெட்டிக்கொண்டு, சீலைத் துண்டால் சுற்றி, என்னிடம் சொல்லாமலே கிழங்கு பிசைந்திருக்கிறான். சொன்னால் அன்றைய சம்பளம் போய்விடும் என்ற பயம். தெரிந்ததும் அவனை வேலையை விட்டு நிற்பாட்டினேன். அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று பிறகுதான் விளங்கியது.

மிச்ச ரோல்ஸ் எதுவும் இருக்கவில்லை, ஆகவே பரிசோதனைக்கு அனுப்ப வழியில்லை. ஆனால் சாப்பிட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் வாந்தி, ஒரே நாளில் சுகம் என்றதைக் கேட்ட டாக்டர், ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பக்டீரியாவின் நஞ்சாகத்தான் இருக்கும் என்றார். நல்ல சுகமாக இருக்கிறவர்களிலேயே நாலில் ஒருவர், சிலவேளை மூன்றில் ஒருவர், அதை மூக்குக்குள் கொண்டு திரிகிறார்களாம். தும்மல் இல்லை, காய்ச்சல் இல்லை, அவர்களுக்கே தெரியாது. வெட்டுக்காயத்திலும் அது இருக்குமாம். உப்புப் பார்ப்பதற்கு விரலை நக்கியதும், புறங்கையால் மூக்கைத் துடைத்ததும் நான். அப்படியானால் பையனின் விரலா, என் மூக்கா? இன்றுவரை தெரியாது.

உண்மையில் குற்றவாளி அந்த இரவு. சூட்டோடு வைத்தால் பிரிட்ஜ் பழுதாகும் என்று பெரிய சட்டியில் உள்ளீட்டைக் குவித்து, மின்விசிறியைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். எங்கள் ஒழுங்கை வீடுகளில் நடுச்சாமத்திலும் சமையலறை வெக்கைதான். இந்தக் கிருமிக்கு அது தாராளம். நன்றாக உப்புப் போட்டால் கெடாது என்று அம்மா சொல்வார். மற்றக் கிருமிகள் திணறும் உப்பிலும் இது வளருமாம். காலையில் கொதிக்கும் எண்ணெயில் பொரித்தோமே என்றேன். கிருமி செத்திருக்கும், அது விட்ட நஞ்சு சாகாது, அரைமணி நேரம் கொதிக்கவைத்தாலும் தாக்குப்பிடிக்கும் என்றார் டாக்டர். ஜப்பானில் 2000ஆம் ஆண்டு ஒரு பால்மா ஆலையில் மின்சாரம் நின்று, பால் சில மணிநேரம் சூட்டில் கிடந்தது. பிறகு கிருமி நீக்கியும் நஞ்சு போகவில்லை; அந்த மாவிலிருந்து செய்த பாலைக் குடித்து 13,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள். 2022 மின்வெட்டுக் காலத்தில் நாங்கள் என்னென்ன விற்றோமோ என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

இதில்தான் எங்கள் கோரிக்கை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் பரிசோதிக்க வருவதை வரவேற்கிறோம். ஆனால் உணவு தயாரிப்பவர்களிடம் கேட்கும் மருத்துவச் சான்றிதழ் இந்தக் கிருமியைப் பிடிக்காது. சுகமானவனைச் சுகமானவன் என்றுதான் அது சொல்லும். ஆகவே வருகிறவர்கள் சட்டியையும் கடிகாரத்தையும் கேட்க வேண்டும்: எத்தனை மணிக்குச் சமைத்தீர்கள், எத்தனை மணிக்குப் பிரிட்ஜில் வைத்தீர்கள், பிரிட்ஜ் 5 பாகைக்குள் இருக்கிறதா? சமைத்ததை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அகலத் தட்டில் மெல்லியதாகப் பரப்பினால் சீக்கிரம் ஆறும், பிரிட்ஜுக்கும் கேடில்லை. இதை எனக்கு யாராவது பதினான்கு வருடத்துக்கு முன் சொல்லியிருக்கலாம். கடைக் கண்ணாடிப் பெட்டிகளையும் பாருங்கள். உள்ளே எரியும் மஞ்சள் பல்ப் ரோல்ஸைக் கிருமி வளராத 60 பாகைச் சூட்டில் வைப்பதில்லை, வெதுவெதுப்பாக வைத்துக் கிருமிக்குத் தொட்டில் கட்டுகிறது.

அடுத்தது சம்பளம். கையில் வெட்டோ கொப்புளமோ இருப்பவர் அதைச் சொன்னால், காயம் ஆறும்வரை கணக்கு, பொதிகட்டல், விநியோகம் போன்ற வேலை கொடுக்க வேண்டும், சம்பளத்தைக் குறைக்கக்கூடாது என்று கடைக்காரர்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்புங்கள். வேலை போகும் என்றால் விரலை மறைக்கத்தான் செய்வார்கள். கையுறை போட்டால் போதும் என்பவர்களுக்கு ஒன்று: அதே கையுறையோடு மூக்கைச் சொறிவதை நான் தினமும் பார்க்கிறேன்.

மூன்றாவதாக, இரண்டு மணித்தியாலப் பயிற்சி ஒன்று, தமிழில். இந்தத் தொழிலில் இருக்கும் பெண்கள் பலருக்குச் சிங்களத்தில் பேரம் பேசத் தெரியும், பக்டீரியா பற்றிக் கேள்வி கேட்கத் தெரியாது.

பையனைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டேன். விரலில் தழும்பு இருக்கிறது. இப்போது சின்னக் கீறல் என்றாலும் முதலில் என்னிடம்தான் காட்டுகிறான்.

பயிற்சியைச் செவ்வாய் பின்னேரம் வைத்தால் நல்லது. அன்று எங்கள் பகுதியில் பலர் மரக்கறிதான் சாப்பிடுவார்கள், அதனால் மீன் ரோல்ஸுக்கு ஓடர் குறைவு. இடமும் கதிரைகளும் நாங்கள் ஒழுங்குசெய்கிறோம்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
கொட்டாஞ்சேனை வீட்டுச் சிற்றுண்டித் தயாரிப்பாளர்கள்
(12 கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)