சீசன் இல்லாத சித்திரை: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பா,

கொடைக்கானல் மலை பச்சை கட்டிவிட்டதா என்று போனில் கேட்டீர்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் சித்தி போனை வாங்கிக்கொண்டார். இந்தக் கொரோனா ஊரடங்கில் இ-பாஸ் என்ற பயண அனுமதி இல்லாமல் நீங்கள் மதுரையிலிருந்து ஏறி வரவும் வழியில்லை. அதனால் எழுதியே சொல்லிவிடுகிறேன்.

சோலைக்காடு பச்சை கட்டவில்லை. சிவப்பு கட்டியிருக்கிறது. வட்டக்கானல் ரோட்டில் பாம்பார் சோலை ஓரமாக நின்று பார்த்தால் மர உச்சியெல்லாம் செம்பு நிறம். தாழ்ந்திருந்த ஒரு கிளையை வளைத்துப் பார்த்தேன். நாவல் இனம்தான் என்று நினைக்கிறேன். நுனியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ரத்தச் சிவப்பில் தளிர், நிமிர்ந்து நிற்கக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு தொங்குகிறது. அதற்குக் கீழே செம்பு நிறம் ஏறிய இலை. அதற்கும் கீழே மஞ்சள் கலந்த இளம்பச்சை, நரம்பு மட்டும் இன்னும் சிவப்பு. அடியில் போன வருடத்து இலை, தடித்து, கரும்பச்சையாக, விளிம்பில் பூச்சி கடித்த ஓட்டைகளோடு. இலைக்குள் பச்சையம் சேரும்வரை ஆந்தோசயனின் என்ற நிறமிதான் வெளியே தெரிகிறது என்று படித்தேன். மதுரைக்காரர்களுக்கு மாந்தளிர் தெரியும், அதே கதைதான். ஆனால் ஒரு சரிவு முழுக்க மாந்தளிர் நிறத்தில் நிற்பதை அங்கே எங்கே பார்ப்பது?

வாட்ஸ்அப்பில் தினமும் வருகிறது, மனிதன் உள்ளே போனதும் இயற்கை தன்னைச் சரிசெய்துகொள்கிறதாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. போன சித்திரையிலும் இதே மரம் இப்படித்தான் துளிர்த்திருக்கும். நான் அப்போது தூண் பாறையில் வண்டியை ரிவர்ஸ் எடுக்க இடம் தேடிக்கொண்டிருந்திருப்பேன். ஏப்ரல், மே என்றால் இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவன் கண்ணுக்கு நம்பர் பிளேட்டைத் தவிர வேறு எதுவும் படாது. லாட்ஜ்காரர், சாக்லேட் கடைக்காரர், குதிரைக்காரர் எல்லோருக்கும் அப்படித்தான். மலை துளிர்க்கிற மாதமும் எங்கள் சீசனும் ஒன்றாக அமைந்துவிட்டது. இந்த வருடம் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சியும் கிடையாது.

புல்வெளிக்குத் தூரமாகப் போக முடியாது. கடைகளைச் சீக்கிரமே சாத்திவிடுகிறார்கள், அதற்கு மேல் ரோட்டில் நின்றால் போலீஸ் விசாரிக்கும். பால் வாங்கப் போகிற வழியில் தெரிகிற சரிவு மட்டும்தான் என் கணக்கு. உறைபனியில் கருகிப் போன புல், கோடை மழை இரண்டு மூன்று இறங்கியதும் அடியிலிருந்து பச்சை விட்டிருக்கிறது. மேலே பழைய வைக்கோல் நிறம், கீழே புதுப் புல். தூரத்தில் நின்றால் ஒன்றும் தெரியாது, குனிந்து பார்க்க வேண்டும். நம் வீட்டுத் தடுப்புச் சுவர் ஞாபகம் இருக்கிறதா? மாசியில் அதில் பாசி கருத்து உதிர்ந்துகொண்டிருந்தது. முதல் மழைக்கு மறுநாளே உயிர் வந்துவிட்டது. கல் இடுக்கில் பெரணி சுருள் சுருளாக எட்டிப் பார்க்கிறது.

பணத்தைப் பற்றிச் சித்தி கேட்டார். வண்டித் தவணையை மூன்று மாதம் தள்ளிவைத்துக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி மார்ச் 27ஆம் தேதி அறிவித்தது. வட்டி மட்டும் தள்ளிப்போகாமல் ஏறிக்கொண்டே இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் பிளம்ஸ் பழுக்க ஆரம்பித்துவிட்டது, ரோட்டோரம் நிறுத்தி வாங்க ஆள் இல்லை. எங்களுக்கே கூடை கூடையாகக் கொடுக்கிறார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டுத் தளிரை மட்டும் எழுதினால் யாரோ சும்மா சுற்றிப் பார்க்க வந்தவன் எழுதியது போலாகிவிடும்.

சரி, ஒரு விஷயம் கேட்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் சரிவில் மழைக்கு வாட்டில் கன்றுகள், அந்த ஆஸ்திரேலிய மரம்தான், கும்பலாக முளைத்திருக்கின்றன. இப்போது மண் இளகியிருப்பதால் கையால் இழுத்தாலே வந்துவிடும். நீங்கள் வனத்துறையில் சேர்ந்த புதிதில் வாட்டில் நட்டீர்கள், ஓய்வு பெறும்போது வாட்டில் வெட்டினீர்கள், அதனால் உங்களைத்தான் கேட்க முடியும். கன்றுகளை ஒன்று விடாமல் பிடுங்கிவிடலாம் என்றுதான் இறங்கினேன். ஆனால் மேலே பழைய வாட்டில் தோப்புக்குள் எட்டிப் பார்த்தால், அந்த நிழலில்தான் சோலைக் கன்றுகள் தானாக வந்திருக்கின்றன. அவற்றின் நுனியிலும் அதே சிவப்புத் தளிர். வெட்டவெளியில் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் பெரிய மரங்களை விட்டுவிட்டு, கன்றுகளை மட்டும் எடுக்கவா? சோலைக் கன்று ஒன்றிரண்டைப் பெயர்த்து வந்து வைத்தால் வெயிலில் பிழைக்குமா, இல்லை ஐப்பசி மழை வரைக்கும் பொறுக்கணுமா?

போட்டோ தனியாக அனுப்புகிறேன். மரத்தின் ஜாதி பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்
பாம்பார்புரம், கொடைக்கானல்
மே 2020