மூன்று பாகத்துக்கு மூன்று நிமிடம்

தர்மபுரியில் எங்களுக்காக நூல் அறிமுகக் கூட்டம் நடத்தும் பெரியவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்கே தெரியும். கடைசி வரிசையில் இருந்தவனுக்கு அது எப்படித் தெரிந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

எகிப்திய எழுத்தாளர் நகீப் மஹ்ஃபூஸின் கெய்ரோ நாவல்கள் மூன்றையும் பேசப்போகிறோம் என்று அறிவித்தது நீங்கள்தான். மூன்று பாகமாக வரும் ஒரே குடும்பத்தின் கதை. 1956, 57-ல் அரபியில் வந்தவை. ஆங்கிலத்தில் மூன்றும் சேர்ந்து 1200 பக்கத்தைத் தாண்டும். ஏழு பேர் ஒரே செட்டைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம். இரண்டாம் பாகத்தில் அந்த வீட்டின் கடைசி மகன் கமால் காதலில் உருகும் இடத்தில் இரண்டு பேர் கழன்றுகொண்டார்கள். (நானும் அங்கே சில பக்கங்களைத் தாவினேன், ஒப்புக்கொள்கிறேன்.) ஐந்து பேர் கரையேறினோம்.

ஐந்து மணிக் கூட்டம் ஆறேகாலுக்குத் தொடங்கியது. வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை, மறுபடியும் பொன்னாடை. சிறப்புரையாளர் 1988 நோபல் பரிசில் ஆரம்பித்து, எகிப்து விடுதலைப் போராட்டத்தின் 1919 ஊர்வலத்தில் கமாலின் அண்ணன் ஃபஹ்மி சுடப்பட்டுச் சாகும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். அது முதல் பாகத்தின் முடிவு. அவர் பேச்சும் அங்கேயே முடிந்தது. எட்டு மணிக்கு, காலத்தின் அருமை கருதி வாசகர்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம் என்றீர்கள்.

பென்னாகரத்திலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற டீச்சர் அதற்குள் கிளம்பிவிட்டார். கோடு போட்ட நோட்டில் ஏழு பக்கம் எழுதிக்கொண்டு வந்தவர். பேருந்து நிலையம் வரை நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். வழியில் சொன்னார்:

"முதல் பாகத்துல அந்தப் பசங்களோட அம்மா அமீனா நடுராத்திரி எழுந்து, புருஷன் படியேற விளக்குப் பிடிக்கறா. அவர் ஊர்ல இல்லாதப்ப ஒரே ஒரு தடவை வாசல் தாண்டி ஹுசைன் மசூதிக்குப் போனா. கார் இடிச்சு எலும்பு முறிஞ்சது. எலும்பு கூடற வரைக்கும் பேசாம இருந்துட்டு, அப்புறம் உங்கம்மா வீட்டுக்குப் போன்னுட்டார். மூணாவது பாகத்துல அவ பாட்டுக்கு மசூதிக்குப் போய்ட்டு வர்றா தம்பி. அவர் முடியாம வீட்ல உக்காந்து, எப்ப வருவான்னு பாத்துக்கிட்டிருக்கார். இதைச் சொல்லத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டு மணி பார்த்தார். வீட்டில் சாருக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டுமாம்.

அவர் சொன்னதை மேடையில் யாரும் சொல்லவில்லை. மூன்றாம் பாகத்தைத் திறந்தவர்களுக்குத்தானே அது தெரியும்?

நாங்கள் கேட்பது ஒன்றுதான். கூட்டத்தின் முதல் ஒரு மணி நேரத்தைப் படித்துவிட்டு வந்தவர்களுக்குக் கொடுங்கள். சிறப்புரை அப்புறம் இருக்கட்டும். பேசுபவருக்கும் மீதி இரண்டு பாகங்களில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு.

வாழ்த்துரை வழங்கியவர் தகடூர்ப் பெருமை பேசினார். பலநாள் பலரோடு போனாலும் அதியமான் முதல்நாள் போலவே விரும்பி வரவேற்பான் என்று ஔவை பாடியதைச் சொன்னபோது நானும்தான் கைதட்டினேன். எங்களுக்குப் பலநாள் வரவேற்பெல்லாம் வேண்டாம். முதல்நாளே இன்னும் வாய்க்கவில்லை. பேனரில் பதினோரு போட்டோ. அதில் நாவல் எழுதியவர் முகம்தான் சிறியது. பொன்னாடைகளுக்கு ஆன காசில் இன்னொரு செட் வாங்கியிருந்தால், கழன்றுபோன இரண்டு பேரும்... சரி, அது வேறு கதை. மண்டபம் பிடித்து, நாற்காலி போட்டு, டீயும் கொடுத்து மாதாமாதம் கூட்டம் நடத்துவது லேசான காரியமில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

முதல் ஒரு மணி நேரம், ஐயா. டீச்சரை அடுத்த கூட்டத்துக்கு அழைத்துவருவது என் பொறுப்பு. ஐந்து மணிக்கே மைக்கை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். இருட்டுவதற்குள் அவர் பஸ் ஏறிவிட வேண்டும்.

இப்படிக்கு,
கடைசி வரிசை வாசகன்