செயலாளர் ஆண்டறிக்கை: நெல்லைச் சீமைப் பெண்களின் பெயர்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, திரளாக வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் சீமையின் வரலாற்றைக் கேட்டால் பூலித்தேவர், கட்டபொம்மன், வ.உ.சி., பாரதி என்று மளமளவெனச் சொல்லிவிடுகிறோம். பெண்களில் யார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. அதனால்தான் பெண்கள் செய்தவற்றை ஊர் ஊராகப் போய்க் கேட்டு, பெயரோடு பதிவு செய்வது என்று சென்ற பேரவையில் தீர்மானித்தோம். மாதக் கூட்டங்களும் உறுப்பினர் சேர்க்கையும் வழக்கம்போல் நடந்தன. விவரம் பதிவேட்டில் இருக்கிறது. இந்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

பாளையங்கோட்டையில் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று ஊரார் சொல்லும் தேவாலயத்தில் தொடங்கினோம். தஞ்சாவூரில் பிறந்த கோகிலா, கணவரை இழந்து இங்கு வந்து, 1778-இல் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று கிளாரிந்தா ஆனார். 1785-இல் பிரதிஷ்டையான அந்தக் கோயிலைக் கட்ட முன்னின்றவர் அவர். 1780-ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் 40 பேர். முதல் பெயர் அவருடையது. அந்தக் காலத்திலேயே ஒரு விதவையின் பெயரை முதல் வரியில் எழுத முடிந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அதே ஊரில் சாராள் தக்கர் கல்லூரி. சாராள் தக்கர் என்ற அந்த ஆங்கிலேய அம்மையார் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக நம் பெண்கள் அவர் பெயர் கொண்ட கல்லூரியில் படித்து ஆசிரியைகளாகி ஊருக்குத் திரும்பியிருக்கிறார்கள். அந்த ஆசிரியைகளின் பட்டியலையும் நாம் எடுக்க வேண்டும்.

டோனாவூரில், அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கல்லறையைப் பார்த்தோம். ஆதரவற்ற பெண் குழந்தைகளை வளர்ப்பதற்கே வாழ்நாளைக் கொடுத்து, சொந்த நாட்டுக்குத் திரும்பாமலே 1951-இல் மறைந்தவர். தனக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பறவைகள் நீர் குடிக்கும் தொட்டி ஒன்று இருக்கிறது, அதில் ‘அம்மா’ என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள். அவர் பெயரை மறுத்தது அவருடைய விருப்பம். கேட்காமலேயே விடுபட்டுப்போன பெயர்களைத் தேடுவதுதான் நம் வேலை.

அப்படி விடுபட்டவர்களைப் பத்தமடையில் நேரில் பார்த்தோம். பாய் நெய்வதற்குத் தாமிரபரணிக் கரைக் கோரைப் புல்லை அறுத்து, காயவைத்து, மெல்லிதாகக் கிழித்து, ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்த பிறகுதான் நெசவே தொடங்குகிறது. தரையோடு கட்டிய பாவில், அதாவது நீளவாக்கு நூல்களில், நீளக் குச்சியில் ஒவ்வொரு கோரையாகக் கோத்து அந்தப் பக்கம் தள்ளுகிறார் ஒரு அம்மா. வந்து சேர்ந்ததை விரலால் நெருக்கி அடிக்கிறார். பேசிக்கொண்டே இருந்தாலும் கண் மட்டும் பாவை விட்டு விலகவில்லை. பட்டுப்பாய் என்றால் கோரை நூல் மாதிரி இழையும். ஒரு பாய் முடியப் பல வாரங்கள். கல்யாணப் பாய்களில் மணமக்களின் பெயரையும் தேதியையும் நெய்து கொடுக்கிறார்கள். “உங்க பேரு எதுலயாவது இருக்காம்மா?” என்று நம் உறுப்பினர் ஒருவர் கேட்டார். “எம்பேரு எதுக்குய்யா பாயில?” என்று சிரித்தார். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. அதனால் ஊருக்குப் பெயர் கிடைத்தது. நெய்தவருக்கும் கிடைக்க வேண்டும் என்பது சங்கத்தின் உறுதியான நிலை.

கடையம் செல்லம்மாளைப் பற்றி உறுப்பினர்கள் பலர் பேசினார்கள். பாரதியின் மனைவி என்று மட்டும் அறிமுகம் செய்வதோடு நிறுத்திவிடக் கூடாது. 1921-இல் கணவர் இறந்த பின் அவருடைய எழுத்துகளை அச்சேற்றும் வேலையில் இறங்கியவர் அவர். வில்லுப்பாட்டில் பூங்கனி அம்மாள் 2018-இல் மறைந்தார்; குமரி மாவட்டத்துக்காரர். கோயில் கொடைகளில் வில்லின் முன் உட்கார்ந்து வில்லின் நாணைத் தட்டும் வீசுகோல் பிடித்துப் பாடிய பெண்மணியை நம் சீமை தன்னுடையவராகவே கொண்டாட வேண்டும்.

மகளிர் தினத்தன்று பாய் நெய்பவர்களையும், நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பாடும் மூத்த தாய்மார்களையும் மேடையில் உட்காரவைத்துச் சால்வை போர்த்தினோம். பேச்சாளர்களைக் குறைத்து, அவர்கள் பாடவும் பேசவும் நேரம் விட்டதுதான் அந்த விழாவின் சிறப்பு.

சரி, வரும் ஆண்டுக்கான வேலை. தமிழ்நாடு அரசின் ஔவையார் விருதுக்கு நம் பகுதி நெசவாளர் ஒருவரின் பெயரைப் பரிந்துரைத்து அனுப்பச் செயற்குழு முடிவு செய்துள்ளது. அடுத்ததாக முக்கூடலுக்கும் மேலப்பாளையத்துக்கும் போகிறோம். பீடி சுற்றிய கூலியில் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்களின் கதைகள் அங்கே வீட்டுக்கு வீடு இருக்கின்றன. உறுப்பினர்கள் தங்கள் வீட்டுப் பாட்டிமாரின் பாட்டுகளை அவர்கள் சம்மதத்தோடு செல்போனில் பதிவு செய்து, பெயர், ஊர், தொழில் எழுதிக் கொண்டுவர வேண்டும். பெயர் இல்லாத பதிவைச் சேர்க்க மாட்டோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். உடன் உழைத்த அனைவருக்கும், குறிப்பாக வாசலிலேயே திருப்பி அனுப்பாமல் உள்ளே கூப்பிட்டுப் பேசிய தாய்மார்களுக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையைப் பேரவை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்