திருத்தம் இருபத்தேழு

அன்பு மகன் செந்திலுக்கு அப்பா எழுதுவது.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. தென்னையில் காய் இறக்கியாயிற்று. மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

போன ஞாயிறு வீடியோவில் பாப்பா, "தாத்தா, எங்க அரசியல் சட்டத்துல எத்தனை திருத்தம், சொல்லுங்க?" என்று கேட்டாள். அப்பா காரில் போகும்போதெல்லாம் இதைத்தான் சொல்லிப் பார்க்கிறார் என்றாள். நீ சட்டென்று போனை வாங்கி, ஊரில் மழை உண்டா என்று கேட்டாய். நானும் மழையைப் பற்றியே பேசிவிட்டு வைத்தேன்.

முப்பத்தொரு வருஷம் வரலாறு நடத்தியவன், விடுவேனா? நூலகத்தில் அமெரிக்க அரசியல் சட்டப் புத்தகம் எடுத்து உட்கார்ந்துவிட்டேன். 1787-இல் பிலடெல்பியாவில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். மொத்தம் ஏழே ஷரத்து. நம்முடையதற்குப் பக்கத்தில் வைத்தால் துண்டுச்சீட்டு. காங்கிரஸ் என்கிற அவர்கள் நாடாளுமன்றம் நிறைவேற்றும் சட்டத்தை ஜனாதிபதி தடுக்கலாம். அவர் தடுத்ததை இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சேர்ந்தால் மீறலாம். எல்லோரும் ஒத்துப் போட்டதையே ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து செல்லாது என்றும் சொல்லலாம். ஒருவரை ஒருவர் நம்பாத பங்காளிகள் சேர்ந்து கட்டிய வீடு! மேல்சபையான செனட் கணக்குதான் எனக்கு ஒப்பவில்லை. ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு இடம், நான்கு கோடியை நெருங்கும் கலிபோர்னியாவுக்கும் இரண்டு இடமாம். நீ குடியுரிமைத் தேர்வில் போய் இதையெல்லாம் பேசாதே. மாநிலத்துக்கு இரண்டு, மொத்தம் நூறு, அதோடு நிறுத்து. பதில் தெரிந்தாலும் அவசரப்படாதே.

அந்த இருபத்தேழாவது திருத்தம் இருக்கிறதே, உறுப்பினர்கள் சம்பளத்தை மாற்றிக்கொண்டால் அடுத்த தேர்தல் முடிந்துதான் அமலாகும் என்பது, அதை 1789-இல் முன்வைத்து 1992-இல்தான் சேர்த்திருக்கிறார்கள். இருநூறு வருஷம் தாமதமாக வந்ததையும் ஏற்றுக்கொண்டார்கள்.

குடியுரிமை வாங்கும்போது எடுக்கும் உறுதிமொழியையும் படித்தேன். இதுவரை எந்த நாட்டுக்கு விசுவாசமாக இருந்தோமோ அதை முழுக்கத் துறப்பதாக வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாமே. சரி, சட்டம் அது. பாப்பா அங்கேயே பிறந்தவள். அங்கே பிறந்தவர்கள் அந்நாட்டுக் குடிமக்கள் என்று 1868-இல் வந்த பதினான்காவது திருத்தம் அவளுக்குப் போதும், எதையும் துறக்க வேண்டியதில்லை. நீ ஒன்பதாம் வகுப்பில் சமூக அறிவியலில் தொண்ணூற்றெட்டு வாங்கியதை ஊரெல்லாம் சொன்னவன் நான். இதை மட்டும் குழந்தை வாயால் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

கோபமில்லை. கோபப்பட எனக்கு யோக்கியதையும் இல்லை. 1981-இல் சேலத்துக்கு மாற்றலானபோது புது ரேஷன் கார்டுக்காகத் தாத்தா கார்டிலிருந்து எங்கள் பேரை நீக்க வேண்டியிருந்தது. சொன்னால் வருத்தப்படுவார் என்று, டிரங்குப் பெட்டியிலிருந்து கார்டை எடுத்துப்போய் வேலையை முடித்து, சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிட்டேன். அடுத்த மாசம் கடையில் சீனி குறைந்தபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. வரிசையில் நின்ற எல்லோரும் கேட்க, கடைக்காரர்தான் விளக்கிச் சொன்னாராம். வீட்டுக்கு வந்து பையை அடுக்களையில் வைத்துவிட்டு மாடு குளிப்பாட்டப் போய்விட்டார். கடைசிவரை என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

ஞாயிறு கூப்பிடும்போது அந்தக் கேள்விப் புத்தகத்தைப் பாப்பா கையில் கொடுக்காதே, எனக்குப் படம் எடுத்து அனுப்பு. நான் கேட்கிறேன், நீ சொல். அவசரப்படாதே.

அப்பா