அட்டன் பஸ் ஸ்டாண்டில் என்னைத் தனியாக விடாதவர்களுக்கு

அன்புள்ள அட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை உறவுகளுக்கு வணக்கம்.

பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை சாயங்காலம் அட்டன் பஸ் ஸ்டாண்டில் என் போனை பிக்பொக்கட் அடித்துவிட்டார்கள். போன் கிடைக்கவில்லை. இனிக் கிடைக்கும் என்ற எண்ணமும் எனக்கு இல்லை. ஆனால் அன்று ஐந்து மணியிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரைக்கும், அதற்குப் பிறகு மூன்று வாரமும் எனக்காக அலைந்தவர்கள் பல பேர். அவர்களில் பாதிப் பேருக்கு நேரில் நன்றி சொல்ல வாய்க்கவில்லை. சிலர் யார் என்றே தெரியாது. அதனால்தான் எல்லார் கண்ணிலும் படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நான் நீலகிரி மாவட்டம் கூடலூர்க்காரன். தேயிலைத் தொழிற்சாலைகளில் கலர் சோர்ட்டர் மெஷின் பழுது பார்க்கும் வேலைக்காக ஒன்றரை வருடமாக இலங்கை மலையகத்தில், இந்த அட்டனில் வாடகை அறையில் இருக்கிறேன். கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். எங்கள் அம்மாயி, அம்மாவின் அம்மா, பிறந்தது மட்டும் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதி வைத்ததே, அந்தக் கணக்கில் ஒருத்தி அவள். 1973இல் இதே அட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, ராமேஸ்வரத்தில் இறங்கினாள்.

அன்றைக்கு சிவனொளிபாதமலை சீசன் கூட்டமும் பொங்கல் கூட்டமும் ஒன்றாகச் சேர்ந்திருந்தது. மழைத் தூறல் வேறு. பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறும்போது எனக்கு முன்னால் ஒருத்தன் மிதிபலகையில் கால் வைத்துவிட்டு ஏறாமல் நின்றான். பின்னாலிருந்து ஒரு தள்ளு. அவ்வளவுதான். டிக்கோயா வளைவு வரும்போது டிக்கட்டுக்குக் கையை விட்டால் ஜக்கட் பொக்கட் வெறுமையாக இருக்கிறது. போன் உறைக்குள்தான் வங்கி அட்டை, கையில் இருந்த காசு எல்லாம்.

கொண்டக்டர் அண்ணனுக்கு முதல் நன்றி. நான் சொன்ன மறுநிமிஷம் மணியடித்து பஸ்ஸை நிறுத்தி, தன் போனிலிருந்து என் எண்ணுக்கு அடித்துப் பார்த்தார். இரண்டு முறை ரிங் போனது, பிறகு ஓஃப். "தம்பி, போன் அட்டன்லயே நின்னுருச்சு, நீங்க எறங்கித் திரும்பிப் போங்க" என்றார். எதிரே வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, அந்தக் கொண்டக்டரிடம் என்னிடம் காசு வாங்க வேண்டாம் என்று சொல்லி ஏற்றிவிட்டார்.

நான் இறங்கும்போது நீல ஸ்வெட்டர் போட்ட ஓர் அக்கா என் கையைப் பிடித்து எதையோ வைத்து விரல்களை மூடினார். திறந்து பார்த்தால் நாலாக மடித்த 500 ரூபாத் தாள். அவர் விரல்களில் கொழுந்துக் கறை இருந்தது. நாள் முழுக்க மலையில் நின்று பறிக்கிறவர்களுக்கு 500 ரூபா என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் அம்மாவும் கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வருவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டுக்கு மேலே கொமியூனிகேஷன் என்கிற போன் கடை வைத்திருக்கும் தங்கச்சி இல்லாவிட்டால் என் கணக்கில் ஒரு ரூபாயும் மிஞ்சியிருக்காது. நான் போனைப் பற்றியே புலம்பிக்கொண்டிருந்தேன். அவர்தான், "அண்ணா, இந்தியா சிம்மும் அதுலதானா? அதைக் கழட்டி வேற போன்ல போட்டா ஓடிபி எல்லாம் அவன் கைக்குப் போயிருமே" என்றார். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் அம்மாவுடையது ஒன்றுதான். தன் வாட்ஸ்அப்பிலிருந்து அம்மாவைப் பிடித்துக் கொடுத்தார். சிம்மை நிறுத்த ஊரில் என் தம்பி ஓடினான். அம்மா பாஸ்புத்தகத்தை எடுத்து வங்கி எண்ணை வாசித்தாள். 1800 என்று தொடங்கும் இலவச எண் இங்கிருந்து போகவில்லை, இன்னொரு எண் தேட வேண்டியிருந்தது. அது கிடைத்து, முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்டு, அட்டையையும் கணக்கையும் முடக்கும்போது மணி ஏழரை. கூகுளைத் திறக்கப் போனால் சரிபார்ப்பு எண் களவு போன அதே போனுக்குப் போகிறது. வழக்கமாக ஏழு மணிக்குக் கடை பூட்டும் பிள்ளை, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கூடவே உட்கார்ந்திருந்தார்.

அழைப்புக்கான காசைப் பிறகு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை. "எங்க சித்தப்பா குவைத்துல போனைக் களவு குடுத்துட்டு ரெண்டு நாள் வீட்டுக்குப் பேச முடியாம கெடந்தாரு. அங்கயும் யாரோ ஒருத்தர்தான் போன் குடுத்தாரு. அவருக்குக் காசு குடுக்க நாங்க எங்க போறது?" என்றார்.

முறைப்பாடு எழுத போனின் 15 இலக்க எண் வேண்டும். அது போன் வந்த பெட்டியில் இருந்தது, பெட்டி அறையில் இருந்தது. வீட்டுக்கார அம்மா மாற்றுச் சாவியால் திறந்து, கட்டிலுக்கடியில் டோர்ச் அடித்துத் தேடி, ஒவ்வோர் இலக்கமாக இரண்டு தரம் போனில் வாசித்தார். அவருக்கு ஒரு கண்ணில் ஒப்பரேஷன் முடிந்து இன்னும் மாதம் ஆகவில்லை. இந்திய எண்ணுக்கு மாற்று சிம் எடுக்க நானே ஊருக்குப் போக வேண்டியிருந்ததால் மூன்று வாரம் சம்பளக் காசைத் தொட முடியவில்லை. அந்த நாட்களில் வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை அவர் பேசவில்லை. காலையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் கதவுக்கு வெளியே மூடி வைத்திருக்கும்.

ஆட்டோ அண்ணன் என்னை பொலிஸுக்குக் கூட்டிப் போய் முடியும்வரை நின்றார். சார்ஜன்ட் சிங்களத்தில் எழுதினார். கையெழுத்துப் போடுமுன் தமிழ் தெரிந்த ஒரு கொன்ஸ்டபிளைக் கூப்பிட்டு முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டச் சொன்னார். "பயப்பட வாணாம் மல்லி (தம்பி)" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னதை மறக்க மாட்டேன். அந்தப் பிரதி இருந்ததால்தான் போனை முடக்க விண்ணப்பிக்க முடிந்தது.

இனி, யாரிடமும் அன்று நான் சொல்லாத ஒன்று. அந்தப் போனில் அம்மாயியின் குரல் இருந்தது. சாவதற்கு ஐந்து மாதம் முன்பு கூடலூர் வீட்டுத் திண்ணையில் பதிந்தது, 40 நிமிடம். தொழிலாளர் வரிசை வீடுகளான ஆத்து லயம், நாலாம் நம்பர் மலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் என்று ஒவ்வோர் இடமாகச் சொல்லிக்கொண்டே போவாள். கோச்சி ஏறும்போது அம்மியைத் தூக்க முடியாது என்று விட்டுவிட்டு, குழவியை மட்டும் சேலையில் சுற்றி எடுத்து வந்த கதையும் அதில் இருக்கிறது. அந்தக் குழவி இன்றைக்கும் எங்கள் வீட்டில் உண்டு. அதன் பிறகு வாங்கிய எந்த அம்மியிலும் அது சரியாக உட்காரவில்லை.

நான் வேறெங்கும் சேமிக்கவில்லை. ஆனால் ஐப்பசியில், அவள் சொன்ன இடம் எது என்று கேட்க, பொகவந்தலாவைத் தோட்டத்தில் ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை ஐயா ஒருவருக்கு அதை அனுப்பியிருந்தேன். விஷயம் கேள்விப்பட்டு கடைத் தங்கச்சியின் எண்ணுக்கு அவரே அழைத்தார். "அந்தப் பேச்சு என்கிட்ட இருக்கு தம்பி. போன்ல எடமில்லன்னு பேரன் படத்தையெல்லாம் அழிச்சேன், இத அழிக்க மனசு வரல. எங்க லயத்து வாசல்லயும் அப்படி எத்தன அம்மி அநாதையாக் கெடந்துச்சு" என்றார். லயத்தில் சிக்னல் இல்லை. அவருடைய பேத்தி பெரட்டுக்களம் வரைக்கும் ஏறிப் போய், மூன்றாவது தடவையில் அனுப்பி வைத்தது. வந்து சேர்ந்த இரவு வீட்டுக்கார அம்மாவும் நானும் அடுப்படியில் உட்கார்ந்து முழுவதும் கேட்டோம்.

ஐயாவுக்கும் பேத்திக்கும் என்ன சொல்லி நன்றி சொல்வேன்? மாட்டுப் பொங்கல் கழிந்த ஞாயிறு நேரில் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அது போதாது என்று தெரியும்.

கடைசியாக ஓர் உதவி. அந்த நீல ஸ்வெட்டர் அக்காவை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். சனிக்கிழமை ஐந்து மணி பஸ்ஸில் இடப்பக்கம், மூன்றாவது சீட்டில் இருந்தவர். மடியில் பொங்கலுக்கு வாங்கிய புதுப்பானை இருந்தது. அவருடைய 500 ரூபாயை கொமியூனிகேஷன் தங்கச்சியிடம் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். என் புது எண்ணும் அங்கே இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் மாணிக்கப் பிள்ளையார் கோயிலில் சாயங்காலப் பூசைக்கு நான் இருப்பேன். அங்கே வந்தாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் கூடலூர்த் தம்பி,
அட்டன்.